பூச்சி அண்டாது என்று விற்கப்படும் சீன எல்ம்: இரண்டு ஆண்டு வளர்ப்புக்குப் பின் ஒரு மதிப்புரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்குச் செல்லும் பழைய சாலையில், வீடுகள் முடிந்து செம்பனை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பாக ஒரு நாற்றுப் பண்ணை இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளி முடிந்த மறுவாரம், அங்கே 130 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, தொட்டியில் போன்சாய்க் குட்டை மரமாக வளர்க்கும் சீன எல்ம் ஒன்றை வாங்கினேன். ஆறு அங்குல அகலமுள்ள நீலத் தொட்டியில், ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில், அடிமரம் பாம்பைப் போல் வளைந்து, மேலே சிறு சிறு இலைகளாகக் குடை பிடித்து நின்ற மரம் அது. தொட்டிகளை அடுக்கியிருந்த பலகைக்கு மேல் ‘போக்கோக் தாஹான் செராங்கா’ என்று மலாயிலும், அதற்குக் கீழே ‘பூச்சி அண்டாத மரம்’ என்று தமிழிலும் எழுதி மாட்டியிருந்தார்கள். அந்த மரத்தைப் பற்றியும், அட்டையில் இருந்த அந்த மூன்று தமிழ்ச் சொற்களைப் பற்றியும்தான் இந்த மதிப்புரை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் நல்ல மரம். கொடுத்த விலைக்குத் தகும். ஆனால் அட்டையில் உள்ள வாக்கு இந்த ஊருக்கு உரியதன்று. வேறு நாடுகளில் வேறொரு பூச்சியை எதிர்த்து நிற்பதால் இந்த இனத்துக்குக் கிடைத்த நற்பெயரை, எந்தப் பூச்சி என்று குறிப்பிடாமல், எல்லாப் பூச்சிக்குமான காப்புறுதியைப் போல இங்கே எழுதிவிட்டார்கள். என் மரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தாமானில் மூன்று வீட்டார் அதே பண்ணையில் அதே மரத்தை வாங்கினார்கள். அவர்களில் இருவரின் மரங்கள் ஓராண்டு நிறைவதற்குள் பட்டுப்போயின. பூச்சி வராது என்று எழுதியிருந்ததால் அவர்கள் இலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அந்த வருத்தத்தில்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எல்ம் மரத்தை நான் முதன்முதலாக நேரில் பார்த்தது மெல்பர்ன் நகரத்தில், மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது. ராயல் பரேட் சாலையிலும் ஃபிட்ஸ்ராய் பூங்காவிலும் இரு பக்கமும் வரிசையாக நின்று மேலே கிளை கோத்துக் கூரை போட்டிருக்கும் அந்த மரங்களின் கீழே நடந்தபோது, பழைய தோட்டங்களில் பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள் காலையில் நுழையும்போது கிடைக்கும் அதே குளிர்ச்சியை உணர்ந்தேன். அது பிப்ரவரி மாதம், அங்கே கோடைக்காலம். கீழே கிடந்த இலை ஒன்றைக் குனிந்து எடுத்தேன். பச்சை முழுவதும் சுரண்டப்பட்டு, நரம்புகள் மட்டும் எஞ்சி, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரிந்தது. “அது எல்ம் இலை வண்டு வேலைம்மா, வருசா வருசம் இப்படித்தான்” என்றாள் மகள்.

அந்த வண்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளம் உள்ளது. மஞ்சளும் பச்சையும் கலந்த உடல், ஓரங்களில் கறுப்புக் கோடு. இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிற முட்டைகளை வரிசையாக இடும். முட்டையிலிருந்து வரும் புழுக்கள்தான் இலையைச் சுரண்டித் தின்கின்றன. தின்று முடித்தபின் அடிமரத்தின் வழியாக இறங்கி, மரத்தடியிலேயே கூட்டுப்புழுவாகின்றன. ஐரோப்பாவிலிருந்து 1830களில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த இந்த வண்டு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1989ஆம் ஆண்டு மார்னிங்டன் தீபகற்பத்தில் கண்டறியப்பட்டது. ஒரு கோடையில் இலை போனதால் மட்டும் மரம் சாவதில்லை. ஆண்டுதோறும் இலையை இழந்து இழந்து வலுக்குன்றும்போதுதான் மற்றக் கேடுகளுக்கு அது வழிவிடுகிறது.

அந்த மற்றக் கேடுகளில் பெரியது டச்சு எல்ம் நோய். அது பூஞ்சையால் வருவது. மரத்துக்கு மரம் அதைச் சுமந்து செல்வது பட்டைக்குள் துளையிட்டு வாழும் வேறொரு சிறு வண்டு. அந்தப் பட்டை வண்டு தன் குஞ்சுகளை வளர்க்கத் தேடுவது நலிந்த மரத்தையும் காய்ந்துவரும் கிளையையும்தான். ஆகவே இலையைத் தின்னும் வண்டு வாசலைத் திறந்துவைக்க, பட்டையைத் துளைக்கும் வண்டு நோயோடு உள்ளே நுழைகிறது. பெயரைக் கண்டு அந்த நோய் ஹாலந்தில் பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1920களின் தொடக்கத்தில் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் பெயா ஸ்வார்ட்ஸ் முதலான டச்சு ஆய்வாளர்கள் என்பதால் அந்தப் பெயர் வந்தது. 1930இல் அது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தென்பட்டது. 1960களின் பிற்பகுதியில் பரவிய கொடிய வகை பிரிட்டனில் மட்டும் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இன்றுவரை இல்லை. மெல்பர்னின் அந்தச் சாலைகள் இன்னும் நிழலோடு இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த இழப்புக்குப் பிறகே பூச்சியையும் நோயையும் தாங்கும் எல்ம் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை பல நாடுகளில் தீவிரமானது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் தேசிய மரப்பூங்கா 1990ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ப்ராஸ்பெக்டர்’ என்ற வகை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. கிழக்காசிய எல்ம் ஒன்றின் விதையிலிருந்து எழுந்த அந்த மரம் டச்சு எல்ம் நோயைத் தாங்குவதோடு, இலை வண்டையும் எதிர்த்து நிற்கிறது. அதே ஆண்டில் வந்த ‘பாத்ஃபைண்டர்’ என்ற வகையும் இலை வண்டுக்கு எளிதில் இரையாகாதது. அது சீன எல்ம் இனத்தைச் சேர்ந்தது. நான் வாங்கிய தொட்டி மரத்துக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் தொடங்குகிறது. சீன எல்ம் இலை சிறியது, தடிப்பானது, தோல்போல் பளபளப்பானது. எல்ம் இலை வண்டு அதை விரும்பித் தின்பதில்லை. டச்சு எல்ம் நோயையும் இந்த இனம் பெரும்பாலும் நன்றாகவே தாங்குகிறது. எனவே ‘பூச்சி அண்டாத மரம்’ என்ற வாக்கு வெறும் கற்பனையன்று. எங்கோ விற்பனைப் பட்டியலில் மெய்யாக எழுதப்பட்ட ஒன்று, கைமாறிக் கைமாறி, நடுவில் இருந்த பூச்சியின் பெயரை உதிர்த்துவிட்டுப் பேராக் மாநிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு கேட்டைத் தாங்கும் மரம் இன்னொன்றைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. எல்ம் குடும்பத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. சைபீரிய எல்ம் டச்சு எல்ம் நோய்க்கு எளிதில் சாவதில்லை. ஆனால் இலை வண்டுக்கு அதுவே விருந்து. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் நெடுங்காலம் சைபீரிய எல்ம் மரத்தையே ‘சீன எல்ம்’ என்ற பெயரில் பலர் விற்றிருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உண்மையான சீன எல்ம் இலையுதிர் காலத்தை ஒட்டிப் பூக்கும், சைபீரிய எல்ம் வசந்தத்தில் பூக்கும். வளர்ந்த சீன எல்ம் மரத்தின் பட்டை செதில் செதிலாக உரிந்து, சாம்பலும் செம்மஞ்சளும் பழுப்புமாகப் படம் வரைந்ததுபோல் இருக்கும், சைபீரிய எல்ம் பட்டை உரியாமல் வெடித்துக் கரடாக இருக்கும். நம் பருவநிலையில் பூவை வைத்துச் சொல்வது கடினம் என்பதால் பட்டையைப் பார்த்தே வாங்க வேண்டும். என் மரத்தில் இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் முதல் செதில் உரிந்தபோது, உள்ளே தெரிந்த செம்மஞ்சள் நிறத்தைப் பார்த்து அடைந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

என் தந்தையார் தோட்டத்து நாற்று மேடையில் ஒட்டுக்கட்டும் வேலை செய்தவர். ஆர்.ஆர்.ஐ.எம். 600, பி.பி. 260 என்ற பால்மர வகைகளின் எண்கள் எங்கள் லயத்தில் உறவினர் பெயர்களைப் போலப் புழங்கின. புதிய எண் ஒன்று வந்து, அது நோயைத் தாங்கும் என்று பெரட்டில் (காலையில் வேலையாட்களைக் கூட்டி ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில்) சொல்லப்பட்டால், வீட்டுக்கு வந்து அவர் சொல்வது ஒன்றே ஒன்று: “எந்த நோவுக்குத் தாங்கும்னு சொல்லலையே, அதைக் கேக்கணும்.” இலங்கையில் நல்ல பால் தரும் என்று நட்ட ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்ற வகை, 1980களின் நடுவில் கொரினெஸ்போரா இலையுதிர்வு நோய்க்கு ஆளாகி, மரங்களை வெட்டிப் பிடுங்கும் நிலைக்கு வந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, அவர் கேட்கச் சொன்னது ஏன் என்று புரிந்தது.

இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு எங்கள் வாசலிலேயே இருக்கிறது. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கும் முதிய பால்மரம், 1877இல் அங்கே நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியிருப்பது. அந்தக் கன்றுகளின் தாயகம் பிரேசில். அதே பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928இல் ஃபோர்ட்லாண்டியா என்ற பெயரில் தொடங்கிய பெருந்தோட்டத்தைத் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் பாழாக்கியது. 1945இல் அவருடைய நிறுவனம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியது. அந்த நோய் மலேசியாவுக்கு வரவில்லை. நம் பால்மரங்கள் அதை எதிர்த்து வென்றதால் பிழைத்தவை அல்ல. நடுவே கடல் இருந்ததாலும், அதன்பின் அரசு விழிப்போடு தடுத்ததாலும் பிழைத்தவை. சீன எல்ம் மரத்தின் நிலையும் இங்கே அதுவே. எல்ம் இலை வண்டு மிதமான குளிருள்ள நாடுகளின் பூச்சி. சுங்கை சிப்புட்டில் அது கிடையாது. இல்லாத பூச்சியை எதிர்க்கும் ஆற்றலுக்கு இங்கே நாம் விலை கொடுக்கத் தேவையில்லை. இருக்கும் பூச்சிகளிடம் இந்த மரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதே வாங்குபவருக்கு வேண்டிய செய்தி. அதை இனி, நான் பார்த்தபடி எழுதுகிறேன்.

வாங்கி வந்த பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. மூன்றாவது வாரத்தில் பாதி மரம் மொட்டை. இதற்குப் பூச்சி காரணமன்று. பண்ணையில் வலைக்கூரையின் கீழ் இருந்த மரத்தை நான் வரவேற்பறை மேசையில் வைத்திருந்தேன். இடம் மாறினால் இலை கொட்டுவது சீன எல்ம் மரத்தின் இயல்பு என்றாலும், வீட்டுக்குள் வைத்தது என் தவறு. இது வெயில் மரம். வாசலில் காலை வெயில் நேராக விழும் இடத்துக்கு மாற்றிய இரண்டு வாரத்தில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் துளிர் வந்தது. குளிர்நாடுகளில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் இந்த மரம், நம் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் இலையோடு வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் கத்தரிப்பும் ஆண்டு முழுவதும் தேவைப்படுகிறது.

பிறகு மாவுப்பூச்சி வந்தது. நான்காம் மாதம் கிளைக் கவட்டில் பஞ்சு போல ஒன்று தெரிந்தது. இலைகளில் பிசுபிசுப்பு, அதன் மேல் கரிப்பூஞ்சை, அடிமரத்தில் மேலும் கீழும் ஓடும் எறும்பு வரிசை. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும் என்பது செம்பருத்தியும் கொய்யாவும் வளர்த்த யாருக்கும் தெரிந்ததே. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. வேரைச் சுற்றி இருந்தது களிமண். நீர் வடியாமல், ஓரம் மட்டும் காய்ந்து பாறையாகி, அந்த இடுக்குகளில் வேர் மாவுப்பூச்சி வெண்மையாகப் படர்ந்திருந்தது. வேரை அலசி, கறுத்தவற்றை வெட்டி, சுட்ட மண்ணும் கரட்டு ஆற்று மணலும் கொஞ்சம் தேங்காய் மட்டைத் துகளும் கலந்து மறுபடி நட்டேன். தொட்டியின் கால்களை நீர் நிரப்பிய தட்டுகளில் நிறுத்தி எறும்பைத் தடுத்தேன். கிளைகளில் இருந்தவற்றைப் பழைய பல் துலக்கியில் சோப்பு நீர் தொட்டு வாரம் இருமுறை தேய்த்தேன். ஒன்றரை மாதம் பிடித்தது, மரம் பிழைத்தது. பட்டுப்போன இரண்டு மரங்களில் ஒன்றைப் பிறகு பிடுங்கிப் பார்த்தபோது அதன் வேரிலும் இதே களிமண்ணும் இதே வெண்மையும்தான் இருந்தன.

வறண்ட மாதங்களில் சிலந்திப் பேன் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. இலை பொட்டுப்பொட்டாக வெளிறி, செப்பு நிறமாகும்போதுதான் நாம் கவனிக்கிறோம். இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினால், தாளில் நகரும் புள்ளிகளாக அவை விழும். இதற்கு எட்டுக் கால். கண்டிப்பாகச் சொன்னால் இது பூச்சி இனத்தையே சேர்ந்தது அன்று. பண்ணையில் காட்டியபோது அங்கிருந்த இளைஞர் ஒரு பூச்சிக்கொல்லிப் புட்டியை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஆசிய நீள்கொம்பு வண்டைத் தடுக்க இமிடாகுளோப்ரிட் என்ற மருந்து செலுத்தப்பட்ட எல்ம் மரங்களில், வண்டுக்குப் பதிலாகச் சிலந்திப் பேன் பெருகிப்போன செய்தியை மகள் முன்பே சொல்லியிருந்தாள். பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் மருந்தால் மடிந்ததும், மருந்து ஏறிய இலையைத் தின்ற பேன்கள் வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிட்டதும் அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நான் செய்ததெல்லாம், காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி ரப்பர் குழாயால் நீரை வேகமாக அடித்ததுதான். பத்து நாள் விடாமல் செய்தபின் புதிய இலைகள் தெளிவாக வந்தன.

என் அண்டை வீட்டார் அந்தப் புட்டியை வாங்கினார். அது செடிக்குள் ஊடுருவிப் பாயும் வகை மருந்து. தெளித்த ஐந்தாம் நாள் அவருடைய மரம் ஓர் இலை விடாமல் கொட்டியது. மீண்டும் துளிர்க்கும் வலு அதற்கு இல்லாமல்போனது. சீன எல்ம் இத்தகைய மருந்துகள் சிலவற்றைத் தாங்காமல் இலை உதிர்க்கும் என்பது போன்சாய் வளர்ப்போர் நன்கு அறிந்த செய்தி. விற்கும் இடத்தில் அதை அறிந்திருக்க வேண்டாமா? பூச்சி அண்டாது என்று எழுதி மரத்தை விற்றுவிட்டு, பூச்சி வந்ததும் அந்த மரத்துக்கே ஒவ்வாத மருந்தையும் விற்றது, இந்தப் பண்ணையின் மீது எனக்கு உள்ள பெரிய குறை.

குறையைச் சொன்னதுபோலவே நிறையையும் சொல்ல வேண்டும். பண்ணையை நடத்தும் தவுக்கே, தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். களிமண்ணைப் பற்றி நான் சொன்னதும் மறுக்கவில்லை. “டீச்சர், மரம் சீனாவிலிருந்து அந்த மண்ணோட வராது, வேரைக் கழுவித்தான் வரும். இங்க செம்பனைக் கன்னுக்குப் போடுற மண்ணைத்தான் இதுக்கும் போடுறோம். அதான் தப்பு” என்றார். இந்த வளைந்த அடிமரம் உள்ள மரங்கள் தென்சீனாவின் பண்ணைகளில் பெருந்தொகையாக வளர்க்கப்படுபவை. குவாங்டொங் பகுதியின் லிங்னான் மரபில், கம்பி சுற்றி வளைப்பதைவிட, வளரவிட்டு வெட்டி, மறுபடி வளரவிட்டு வெட்டி உருவம் கொண்டுவருவார்கள்; அந்த முறைக்கு மிகவும் ஏற்ற மரங்களில் எல்ம் ஒன்று. தவுக்கே எனக்கு அந்த வெட்டு முறையைச் செய்து காட்டினார். எந்தக் கணுவுக்கு மேல் வெட்டினால் துளிர் எந்தப் பக்கம் போகும் என்பதை அரை மணி நேரம் நின்று பொறுமையாக விளக்கினார். அதற்குக் காசு கேட்கவில்லை. பேராக் மாநிலத்தில் நான் போன வேறு எந்தச் செடிக் கடையிலும் இப்படிச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை.

அங்கே நீர் ஊற்றும் வேலை செய்யும் அம்மையாரும் நினைவில் நிற்கிறார். சிறு வயதில் நாற்று மேடையில் வேலை செய்தவர். “டீச்சர், இதுக்கு நேரம் பார்த்துத் தண்ணி ஊத்தாதீங்க. விரலை மண்ணுல விட்டுப் பாருங்க, அரை விரல் காஞ்சிருந்தா ஊத்துங்க” என்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். களிமண் தொட்டியில் அந்த அளவு தவறும். மண்ணை மாற்றியபின் ஒரு நாளும் தவறவில்லை.

மரத்தின் குணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவ்வளவு துன்பத்துக்குப் பிறகும் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அடிபட்டால் எழும் அதன் ஆற்றல். எங்கு வெட்டினாலும் துளிர்க்கிறது. நுனிக் கிளையும் வேர்த்துண்டும் நட்டால் பிடிக்கின்றன. மண் மாற்றியபோது வெட்டிய பென்சில் பருமனுள்ள வேர்த்துண்டுகள் ஐந்தை நட்டு வைத்தேன், மூன்று துளிர்த்தன. இலை இயல்பிலேயே சிறியது என்பதால் தொட்டி மரத்தில் அளவு பொருந்துகிறது. ஆலும் அத்தியும் போன்சாயாக இங்கே எளிதாக வளர்கின்றன, உண்மை. ஆனால் நுண்ணிய கிளைப் பின்னலில் எல்ம் மரத்துக்கு அவை ஈடாகா. ஆயா மரம் என்று தமிழ்நாட்டில் வழங்குவதும் எல்ம் குடும்பத்தைச் சேர்ந்ததே என்று அறிந்தபோது, இந்த அந்நிய மரத்தின் மேல் ஒரு சொந்தம் கூடிற்று.

விலையைப் பொறுத்தவரை, பண்ணையில் இப்போது மூன்று தரம் இருக்கிறது. வளைந்த அடிமரம் உள்ள சாதாரணச் சீன எல்ம் 130 முதல் 150 வெள்ளி வரை. சிற்றிலை வகையான ‘கேட்லின்’ 220 வெள்ளி. கலிபோர்னியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த வகையின் இலை சாதாரணச் சீன எல்ம் இலையில் பாதிகூட இல்லை, வளர்ச்சியும் மெதுவானது. வேர்விட்ட சிறு துண்டுச் செடி 18 வெள்ளி. இம்மூன்றில், முதன்முறையாக வளர்ப்பவர் 18 வெள்ளிச் செடியை வாங்குவதே நல்லது என்பேன். மண்ணை நாமே தேர்ந்து நடலாம், பழைய வேரில் ஒளிந்துவரும் பூச்சியின் தொல்லை இராது, தவறினாலும் இழப்பு சிறிது. ‘கேட்லின்’ அழகுதான்; ஆனால் மெதுவாக வளர்வதால், பூச்சி தின்ற இடத்தை மீண்டும் நிரப்ப நெடுநாள் எடுக்கும். ஓராண்டு சாதாரண மரத்தை வளர்த்துப் பழகியவருக்கு மட்டும் அது ஏற்றது. தெருவோரம் நிழல் மரமாக நடலாமா என்று ஒருவர் கேட்டார். ‘ப்ராஸ்பெக்டர்’ போன்ற வகைகள் குளிர்நாட்டுச் சாலைகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நம் ஊர்ச் சாலைக்கு அங்சானாவும் புங்கையும் இருக்கும்போது எல்ம் மரத்தைத் தொட்டியோடு நிறுத்துவதே முறை.

வளைந்த மரத்தைத்தான் வாங்குவது என்று தீர்மானித்தவர்கள், பணம் கொடுக்கும் முன்பு தொட்டியிலிருந்து மரத்தை எடுத்து வேரைக் காட்டச் சொல்ல வேண்டும். தவுக்கே மறுக்க மாட்டார். அவர் இல்லாத நேரத்தில் வேலையாட்கள் தயங்குவார்கள். இலையின் அடிப்பக்கத்தையும் கிளைக் கவட்டையும் பார்க்க வேண்டும். எறும்பு ஏறும் தொட்டியை எடுக்கவே கூடாது. வாங்கிய மரத்தை மூன்று வாரமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்; என் வீட்டுச் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி இந்த மரத்திலிருந்துதான் பரவியது என்று நினைக்கிறேன்.

அட்டையைப் பற்றித் தவுக்கேயிடம் இரண்டு முறை பேசினேன். முதல் முறை, அது மொத்த விற்பனையாளர் கொடுத்த வாசகம் என்றார். இரண்டாம் முறை, பட்டுப்போன மரத்தின் வேர்க்கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துச் சென்று மேசையில் வைத்து, எந்தப் பூச்சி அண்டாது என்பதை மட்டுமாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டாருக்கு அவர் 18 வெள்ளிச் செடிகள் இரண்டை விலையின்றிக் கொடுத்தார். சென்ற மாதம் மீண்டும் போனபோது மலாய் வரி அப்படியே இருந்தது. தமிழ் வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டு, ‘வெயிலில் வைக்கவும், இலையின் அடியைப் பார்க்கவும்’ என்று நீர் ஊற்றும் அம்மையாரின் கையெழுத்தில் எழுதியிருந்தது.